கெடிலக்கரைக் கதை – 9: தோட்ட வீட்டு மதில்

சென்ற வாரம் 1690-ல் நிறுத்தியிருந்தோம். செஞ்சியில் இருந்த மராத்திய அரசர் ராஜாராமிடம் பேரம் பேசி, தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிவிட்டார் சென்னை கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு போகவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை உள்ள நிலமும் கம்பெனிக்குத்தான் என்று எழுதி வாங்கினார்கள். சுட்டதும் கம்பெனிக்காரன், எந்தப் பீரங்கி என்று முடிவு செய்ததும் கம்பெனிக்காரன். குண்டு கிட்டத்தில் விழுமா?

குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயருக்கு இன்றும் கடலூர்க்காரர்கள் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

நிலம் கைக்கு வந்தது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரும் வைத்தாயிற்று. கிடங்கு கட்டினார்கள், துணி வாங்கினார்கள், மதிலைப் பலப்படுத்தினார்கள். இதெல்லாம் நாம் எதிர்பார்ப்பதுதான். கூடவே இன்னொன்றும் செய்தார்கள்.

தோட்டம் போட்டார்கள்.

அந்தத் தோட்டத்தைப் புரிந்துகொள்ள, கெடிலக்கரையை விட்டுக் கொஞ்ச நேரம் சீமைக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. போர்க்களத்துக்கு அவசரப்படும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். போர் இந்தத் தோட்டத்துக்கே வரப்போகிறது.

*

சீமையில் ஒரு கனவு

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களுக்கு ஒரு நிரந்தர ஆசை இருந்தது. அரண்மனை அரசியல் வேண்டாம், லண்டன் இரைச்சல் வேண்டாம், கிராமத்தில் ஒரு வீடு, சுற்றிலும் தோட்டம், நாலு புத்தகம், இரண்டு நல்ல நண்பர்கள் போதும் என்பது. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் தொடங்கி வைத்த ஆசை இது. ஆங்கிலேயர்கள் அதைத் தங்கள் சொந்தச் சொத்தாகவே ஆக்கிக்கொண்டார்கள். பண்ணைவீட்டைப் பாடுவதற்கென்றே ஒரு கவிதை வகை அங்கே உருவானது.

அதற்கு முன்மாதிரி பென் ஜான்சன் 1616-ல் வெளியிட்ட ஒரு கவிதை. கென்ட் பகுதியில் சிட்னி குடும்பத்துக்குச் சொந்தமான பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையைப் பற்றியது. அந்த வீடு ஆடம்பரத்துக்காகக் கட்டியதல்ல, ஊராரை வருத்தி எழுப்பிய சுவர் அதில் ஒன்றுகூட இல்லை, குடியானவர்கள் தாங்களாகவே கோழியும் பழமுமாகக் கொண்டு வந்து கொடுக்கிறார்கள் என்று சொல்லிப் புகழ்கிறார் ஜான்சன். உண்மையா? 1973-ல் ரேமண்ட் வில்லியம்ஸ் என்ற விமர்சகர் இந்தக் கவிதைகளையெல்லாம் எடுத்துப் பிரித்துப் போட்டார். விளைச்சல் தானாக வந்து தட்டில் விழுவதுபோலப் பாடுகிறார்களே, உழுதவன் எங்கே போனான் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. நாம் கடலூருக்குத் திரும்பும்போது அதை மடியில் கட்டிக்கொண்டு திரும்புவோம்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆண்ட்ரூ மார்வெல். அவர் கதை தனி.

இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்து, அரசரின் தலையை வெட்டிய காலம். நாடாளுமன்றப் படையின் தலைமைத் தளபதி ஃபேர்ஃபாக்ஸ். ஸ்காட்லாந்தின் மீது படையெடுக்கச் சொன்னார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1650-ல் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு யார்க்ஷயரில் இருந்த தன் நன் ஆப்பிள்டன் பண்ணைவீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியார்தான் மார்வெல்.

அந்த வீட்டைப் பற்றி மார்வெல் எழுதிய நீண்ட கவிதையில் ஓர் அதிசயமான தோட்டம் வருகிறது. கோட்டை வடிவில், ஐந்து கொத்தளங்களோடு அமைத்த தோட்டம். அங்கே பூக்கள்தாம் சிப்பாய்கள். காலையில் அணிவகுத்து நிற்கின்றன. இதழ்கள் கொடிகள். பீரங்கி வெடிக்கு பதில் வாசனை கிளம்புகிறது. தேனீ காவல் சுற்றி வருகிறது. ஒரு காலத்தில் நம் நாட்டில் இதுதானே படை, இதுதானே கொத்தளம், இப்போது தோட்டமே ஆயுதக் கிடங்காகிவிட்டதே என்று மார்வெல் அங்கே வருந்துகிறார்.

போரை விட்டு வந்த ஒரு தளபதிக்கு, போரையே பூவாக மாற்றிக் காட்டுகிறார் கவிஞர். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல முடியாது.

மூன்றாவது ஆள் ஜான் பாம்ஃப்ரெட், ஒரு பாதிரியார். 1700-ல் 'தேர்வு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கவிதை வெளியிட்டார். நகரத்துக்குப் பக்கத்தில் பெரியதும் அல்லாத சிறியதும் அல்லாத வீடு, தோட்டம், ஓடை, புத்தக அறை, அளவான வருமானம், இரண்டு நண்பர்கள். பேச்சுத்துணைக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்மணி, ஆனால் கல்யாணம் வேண்டாம். இந்தக் கடைசி வரி அவரைக் கவிழ்த்தது. இதென்ன பாதிரியார் இப்படி எழுதுகிறார் என்று லண்டன் பிஷப் அவருடைய பதவி உயர்வை நிறுத்தி வைத்தார். உண்மையில் மனிதர் ஏற்கெனவே கல்யாணம் ஆனவர். விளக்கம் சொல்ல லண்டன் போனவர் அங்கேயே அம்மை கண்டு 1702-ல் இறந்துபோனார்.

கவிதை சாகவில்லை. ஆங்கிலத்தில் இதைவிட அதிகம் பேர் படித்த கவிதை இருக்குமா என்று பிற்காலத்தில் சாமுவேல் ஜான்சனே வியக்கும் அளவுக்கு ஓடியது. ஏன் ஓடியது? அதில் எந்தப் பேராசையும் இல்லை. நடுத்தர வர்க்கத்து இங்கிலீஷ்காரன் ஒவ்வொருவனும் படித்துவிட்டு, 'இதுதானே எனக்கும் வேண்டும்' என்று சொல்லிக்கொள்ளக்கூடிய கனவு.

அந்த 'அளவான வருமானம்' எங்கிருந்து வரும் என்பதை மட்டும் பாம்ஃப்ரெட் எழுதவில்லை.

*

ஐந்து பவுண்டுக்காரனின் கணக்கு

பரம்பரைச் சொத்து மூத்த மகனுக்குப் போய்விடும். இளையவன் என்ன செய்வான்? ராணுவம், தேவாலயம், இல்லாவிட்டால் கம்பெனி.

கிழக்கிந்தியக் கம்பெனியில் 'ரைட்டர்' என்ற கடைநிலை எழுத்தனாகச் சேர்ந்தால் வருடத்துக்கு ஐந்து பவுண்டு சம்பளம். ஆறு மாதத்துக்குக் குறையாத கப்பல் பயணம். வந்து சேர்ந்தால் வெயில், வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல். திரும்பிப் போனவர்களைவிட இங்கேயே புதைந்தவர்கள் அதிகம். ஐந்து பவுண்டுக்காக யாரும் உயிரைப் பணயம் வைத்து வரமாட்டார்கள். சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்துகொள்ளலாம் என்ற சலுகைதான் அவர்களை இழுத்து வந்தது. பத்துப் பதினைந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால், ஊரில் ஒரு வீடும் தோட்டமும் வாங்கிவிடலாம்.

கடலூரில் அவர்கள் வாங்கியது துணி. இங்கேயும் பரங்கிப்பேட்டையிலும் உள்நாட்டிலும் தறியில் நெய்த பருத்தித் துணி, துபாஷிகள் எனப்பட்ட இடைத்தரகர்கள் வழியாகக் கோட்டைக்குள் வரும். கோட்டைக்குள் நாள் முழுக்க எண்ணிக்கை, முத்திரை, கடிதம், சண்டை. கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உப்புக் காற்றும் மதிலும் சூழ்ந்த வாழ்க்கை.

ஊர் திரும்பும் வரை காத்திருக்க எல்லோருக்கும் பொறுமை இருக்குமா? கோட்டையிலிருந்து வடமேற்கே சுமார் ஒன்றரை மைல் தள்ளி, இன்றைய மஞ்சக்குப்பம் பக்கத்தில், கோட்டைத் தலைவருக்கு என்று ஒரு தோட்ட வீடு எழும்பியது. முன்னால் மதில் சூழ்ந்த தோட்டம், பின்கட்டில் ஏவலர்களுக்கான கட்டடங்கள். பாம்ஃப்ரெட் கேட்ட வீடு கடலூரிலேயே முளைத்துவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. வெள்ளைக்காரன் வந்துதான் இந்த மண்ணில் சோலை வைத்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தோட்ட வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருப்பாதிரிப்புலியூர். பாதிரி மரம் கோயிலின் தலமரம், ஊர்ப் பெயரிலும் அதுவே. தெற்கே போனால் சிதம்பரம். தில்லை மரக் காடாக இருந்ததால் தில்லை. அந்த மரம் பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் வளர்கிறது. தேவாரத்தில் பொழில் சூழாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தப் பொழில்கள் ஊருக்கோ சாமிக்கோ சொந்தம். ஒரு தனி மனிதன் ஊரை விட்டு ஒதுங்கி உட்கார மதில் கட்டி வைத்துக்கொண்ட தோட்டம் வேறு சரக்கு.

மதில் கட்டினால் அதற்குள் யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம் என்பதை 1746 காட்டியது.

*

1746: சென்னை போயிற்று

ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் மோதிக்கொண்டிருந்தன. அந்த நெருப்பு சோழமண்டலக் கரைக்கும் வந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

ஆற்காட்டு நவாப் அன்வாருத்தீனுக்குக் கோபம். சென்னையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னார். புதுச்சேரி கவர்னர் துய்ப்ளெக்ஸ் கொடுக்கவில்லை. நவாபின் மகன் மாபூஸ்கான் பெரும்படையோடு வந்தார். அடையாற்றங்கரையில் பாரதி என்ற சுவிஸ்காரர் தலைமையில் வந்த சின்னஞ்சிறு பிரெஞ்சுப் படை அவரை அடித்து விரட்டியது. சில நூறு துப்பாக்கிகள் பல்லாயிரம் குதிரைகளை ஓட வைக்கலாம் என்று தென்னாடு அன்றுதான் கண்டது. மாபூஸ்கானுக்கு அது ஆறாத அவமானம்.

கரையில் ஆங்கிலேயருக்கு எஞ்சியது கடலூர் மட்டும்தான். சென்னையிலிருந்து தப்பியவர்கள் ஒவ்வொருவராகச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன், இந்நாட்டு முஸ்லிம் போல வேஷம் போட்டுக்கொண்டு நழுவி வந்த இருபத்தொரு வயது எழுத்தன். பெயர் ராபர்ட் கிளைவ்.

கோட்டையின் தலைவர் ஜான் ஹைண்ட். அவரிடம் இருந்தது இருநூறு வெள்ளைக்காரச் சிப்பாய்களும், தொப்பாசிகள் எனப்பட்ட கலப்பினச் சிப்பாய்கள் நூறு பேரும். ஆயிரக்கணக்கில் உள்ளூர்ச் சேவகர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். நவாபுக்குத் தூது போனது. அடையாறு அவமானத்தைத் தீர்த்துக்கொள்ளக் காத்திருந்த குடும்பம் உடனே தலையசைத்தது.

துய்ப்ளெக்ஸ் கணக்கு சுலபமானது. நவாபின் படை வந்து சேருவதற்குள் கடலூரை முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் சோழமண்டலக் கரையில் இங்கிலீஷ்காரன் நிற்க ஓர் அடி நிலம் கிடையாது.

*

அடுப்பு மூட்டிய நேரம்

1746 டிசம்பர். அரியாங்குப்பத்திலிருந்து நடு இரவில் பிரெஞ்சுப் படை கிளம்பியது. சுமார் 1,700 பேர், பெரும்பாலும் ஐரோப்பியர் என்று ராபர்ட் ஓர்ம் தன் வரலாற்றில் எழுதுகிறார். கூடவே பீரங்கிகள்.

தலைமை பாரதிக்குத்தான் போயிருக்க வேண்டும். துய்ப்ளெக்ஸும் அதைத்தான் விரும்பினார். மூத்த அதிகாரிகள் விடவில்லை. சுவிஸ்காரன், நமக்கு இளையவன், அவன் கீழே நாமா என்று முறுக்கிக்கொண்டார்கள். கடைசியில் தெ புரி என்ற முதியவரிடம் படை போனது. எந்தப் படையும் புறப்படும் முன்பே பாதி தோற்றுவிடுவது இப்படித்தான்.

விடியலில் பெண்ணையாற்றைக் கடந்தார்கள். தடுக்கப் பெரிய படை எதுவும் இல்லை. உள்ளூர்ச் சேவகர்கள் அங்கங்கே மறைந்திருந்து சுட்டுத் தொல்லை கொடுத்தார்கள். அதையும் தாண்டி, கோட்டைக்கு முன்னால் கிடைத்த முதல் வசதியான இடத்துக்குள் பிரெஞ்சுப் படை நுழைந்தது.

கவர்னரின் தோட்ட வீடு.

நல்ல மதில். நிழல். தண்ணீர். இரவெல்லாம் நடந்து வந்த கால்கள். எதிரே மதில் மீது தலை காட்டக்கூட ஆளில்லாத ஒரு கோட்டை. முகாம் போடுவதற்கு இதைவிட நல்ல இடத்தை எந்தத் தளபதியும் கேட்க முடியாது.

சிப்பாய்கள் துப்பாக்கிகளைக் கீழே வைத்தார்கள். சிலர் படுத்துவிட்டார்கள். சிலர் அடுப்பு மூட்டினார்கள். காவல் சரியாகப் போடப்படவில்லை. மார்வெலின் தோட்டத்தில் தேனீயாவது காவல் சுற்றியது. இங்கே அதுவும் இல்லை.

அப்போதுதான் தூரத்தில் புழுதி தெரிந்தது.

மாபூஸ்கானும் அவர் தம்பி முகமது அலியும் குதிரைப்படையோடு வந்துவிட்டார்கள். கோட்டையிலிருந்தும் ஆங்கிலேயர் வெளியே கிளம்பினார்கள்.

நிதானமாக யோசித்தால் பிரெஞ்சுக்காரர்கள் பயந்திருக்கவே வேண்டியதில்லை. சில வாரங்களுக்கு முன்பு இதே மாபூஸ்கானை இதைவிடச் சிறிய படையால் ஓட ஓட விரட்டியவர்கள். இப்போது மதிலுக்குள் வேறு இருக்கிறார்கள். உள்ளே இருந்தபடி சுட்டாலே போதும்.

ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாத ஓய்வில் இருந்தவர்கள் அவர்கள். ஒருவன் ஓடினான், பத்துப் பேர் ஓடினார்கள், பிறகு எல்லோரும் ஓடினார்கள். கட்டளை யார் காதிலும் விழவில்லை. நேராகப் பெண்ணையாறு. ஆற்றைக் கடந்துவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்ற ஒரே எண்ணம்.

பீரங்கிக்காரர்கள் மட்டும் நிதானம் இழக்கவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அன்று ஆற்றில் பெரிய படுகொலையே நடந்திருக்கும். ஓர்ம் கணக்கில் இறந்தவர்கள் 12 பேர், காயம்பட்டவர்கள் 120 பேர். மூட்டை முடிச்செல்லாம் தோட்டத்திலேயே கிடந்தன.

புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை, தன் பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து, வரும் செய்திகளை எல்லாம் தமிழில் எழுதி வந்த காலம் அது. தேவனாம்பட்டணம், கூடலூர் என்று அவர் எழுதும் ஊர்கள்தாம் இவை. கவர்னரின் முகம் எப்போது சுருங்கியது, எப்போது மலர்ந்தது என்பதை அவரைப்போல் பக்கத்தில் இருந்து பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

நம் பள்ளிக்கூட வரலாற்றில் 1751 ஆற்காட்டு முற்றுகைக்கு ஒரு பக்கம் உண்டு. 1757 பிளாசிக்கு இரண்டு பக்கம். தோட்ட வீட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால், அந்த இரண்டுக்கும் வித்து இங்கேதான். அன்று காலை அந்தப் படை உட்காராமல் கோட்டை வரை நடந்திருந்தால், முந்நூறு பேர் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருப்பார்கள்? கிளைவ் இன்னொரு போர்க்கைதியாகப் புதுச்சேரிக்குப் போயிருப்பான்.

*

யாருக்கும் ஓய்வு தராத வீடு

அடுத்த பன்னிரண்டு வருடத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

1747 மார்ச்சில், நவாபைச் சமாதானப்படுத்திவிட்டு, இந்த முறை பாரதியின் தலைமையிலேயே பிரெஞ்சுப் படை மறுபடி வந்தது. மறுபடி தோட்ட வீட்டைப் பிடித்தது. கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் தென்பட்டன. மறுபடி திரும்பிப் போனது.

1748 ஜூனில் ஆங்கிலேயப் படையின் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ஒரு தந்திரம் செய்தார். பயந்துவிட்டதுபோலப் பகலில் எல்லோரும் பார்க்கக் கடலூர் நகரத்திலிருந்து பீரங்கிகளைக் கோட்டைக்குக் கொண்டுபோனார். இருட்டியதும் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். ஆளில்லாத ஊர் என்று நம்பி நள்ளிரவில் ஏணி சாத்திய பிரெஞ்சுக்காரர்கள் மேல் குண்டு மழை பொழிந்தது. திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டில் சாமான் வாங்கப் போகிறவர்கள் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

1756. கிளைவ் திரும்பி வந்தார். இப்போது எழுத்தன் அல்ல, செயின்ட் டேவிட் கோட்டையின் தலைவர். ஜூன் 20 அன்று பொறுப்பேற்றார். தோட்ட வீடு, தென்றல், கடலூர் அமைதி. வயது முப்பது. பாம்ஃப்ரெட் கேட்டதற்கு மேலேயே கிடைத்தாயிற்று.

அதே ஜூன் 20-ல்தான் கல்கத்தா வங்காள நவாப் சிராஜ் உத்தௌலாவிடம் வீழ்ந்தது. ஆகஸ்டில் செய்தி வந்தது. சென்னைக்கு அழைப்பு. அங்கிருந்து அக்டோபரில் வங்காளத்துக்குக் கப்பல். கடலூர்த் தோட்டத்தில் அவர் கழித்தது இரண்டு மாதம்கூடத் தேறாது. மறு வருடம் பிளாசி.

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். ஏப்ரல் 28-ல் புதுச்சேரியில் இறங்கியவர், அன்றிரவே படையைக் கடலூருக்கு அனுப்பினார். ஜூன் 2-ல் செயின்ட் டேவிட் கோட்டை சரணடைந்தது. வெடி வைத்துத் தகர்த்தார்கள். கெடிலம் முகத்துவாரத்தில் இன்று தெரியும் இடிபாடு அந்த வெடியின் மிச்சம்.

மஞ்சக்குப்பத்தில் கார்டன் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் அழியவில்லை. பிற்காலத்தில் நெடுங்காலம் மாவட்ட கலெக்டர்களின் குடியிருப்பாக இருந்தது. கிளைவ் கலெக்டராக இருந்த வீடு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அவர் காலத்தில் கலெக்டர் என்ற பதவியே இங்கே கிடையாது.

*

கவிஞர்கள் கணக்குக் கேட்டார்கள்

பணம் சீமைக்குப் போனது. போய் என்ன ஆனது? தோட்டமாக ஆனது.

1698 முதல் 1709 வரை சென்னை கவர்னராக இருந்த தாமஸ் பிட், இங்கே வாங்கிய ஒரு வைரத்தை 1717-ல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். கார்ன்வாலில் பொகோனாக் என்ற எஸ்டேட் அவர் கைக்கு வந்தது. வைரம் எப்படிக் கிடைத்தது என்று லண்டனில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். அலெக்சாண்டர் போப் 1733-ல் எழுதிய ஒரு நையாண்டிக் கவிதையில், தூங்கும் இந்தியனிடம் திருடிய ரத்தினம் ஒன்றால் பெரிய மனிதனாகும் ஒருவன் வருகிறான். படித்தவர்கள் எல்லோரும் பிட்டைத்தான் நினைத்தார்கள். போப்பும் ட்விக்கனமில் தோட்டமும் குகையும் அமைத்து ஒதுங்கி வாழ்ந்தவர்தான். தோட்டக் கனவில் எங்கே அழுக்கு ஒட்டுகிறது என்று மோப்பம் பிடிக்க அவரைவிடத் தகுதியானவர் யார்?

அடுத்தது கிளைவ். சர்ரே பகுதியில் கிளேர்மாண்ட் என்ற எஸ்டேட். 1715-லேயே சாமுவேல் கார்த் என்ற மருத்துவர்-கவிஞர் அதன் பெயரிலேயே ஒரு கவிதை பாடியிருந்தார். கவிதையில் பாடப்பட்ட அந்தத் தோட்டத்தை 1769-ல் கிளைவ் விலைக்கு வாங்கினார். பழைய மாளிகையை இடித்துத் தள்ளினார். தோட்டக் கலையில் அன்று கொடிகட்டிப் பறந்த கேபபிலிட்டி பிரவுனைக் கூப்பிட்டுப் புது மாளிகை எழுப்பச் சொன்னார். செலவு லட்சம் பவுண்டைத் தாண்டியது என்பார்கள்.

அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இந்த மனுஷன் சுவரை இத்தனை தடிமனாகக் கட்டுவது பிசாசு உள்ளே வந்து தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்கத்தான் என்று பேசிக்கொண்டார்களாம். 1840-ல் மெக்காலே இதை எழுதிவைத்திருக்கிறார். பென் ஜான்சன் பாடிய, யாரையும் வருத்தாத சுவரிலிருந்து இங்கிலாந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது!

கிளைவ் அந்த வீட்டில் நிம்மதியாகக் குடியிருக்கவில்லை. 1774 நவம்பர் 22-ல் லண்டன் வீட்டில் இறந்தார்.

பதினோரு வருடம் கழித்து வில்லியம் கூப்பர் 'தி டாஸ்க்' என்ற நீண்ட கவிதையை வெளியிட்டார். ஓல்னி என்ற சிற்றூரில் வெள்ளரிக்காய் பயிரிட்டுக்கொண்டு வாழ்ந்த மனிதர். வெள்ளரி வளர்ப்பதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், கேலியாக இல்லை, ஆசையாக. அந்தக் கவிதையின் மூன்றாம் பகுதிக்குத் 'தோட்டம்' என்றே பெயர். அதே கவிதையில்தான், சில்லறைத் திருடனைத் தூக்கில் போடுகிறீர்கள், இந்திய மாகாணங்களின் செல்வத்தைப் பைக்குள் அடைத்து வருகிறவனை விட்டுவிடுகிறீர்கள் என்று தன் நாட்டைப் பார்த்துக் கேட்கிறார். மந்திரவாதிபோல வந்து மலையை மாற்றி, ஆற்றைத் திருப்பி, முதலாளியைக் கடனில் தள்ளிவிட்டுப் போகும் பிரவுனையும் விடவில்லை.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தோன்றியது முதல் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் அங்கே ஆங்கில இலக்கியம் படித்து வெளியேறியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்வெலையும் போப்பையும் யார்க்ஷயர், ட்விக்கனம் கவிஞர்களாக மட்டும் படிக்காதீர்கள். ஒரு மணி நேர பஸ் பயணத்தில் மஞ்சக்குப்பம் இருக்கிறது. அந்தக் கவிதைகளின் பாதி உரை அங்கே கிடைக்கும்.

*

மதில் இன்னும் முடியவில்லை

தோட்டத்துக்குக் கட்டிய மதில் போருக்குப் பயன்பட்டதைப் பார்த்தோம். சாமிக்குக் கட்டிய மதில் மட்டும் தப்புமா?

தில்லை நடராசர் கோயில். நான்கு கோபுரங்கள், அடுக்கடுக்கான பிராகாரங்கள், யானையாலும் அசைக்க முடியாத கல் மதில். கர்நாடகப் போர்கள் தொடங்கிய நாள் முதல் பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். கடைசியில் மைசூர் ஐதர் அலியின் ஆட்கள் அங்கே அரண் அமைத்து உட்கார்ந்தார்கள்.

1781 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் அந்தக் கோயில் மதிலை நோக்கிப் படையோடு வந்தார். வந்தவாசியில் லாலியையே தோற்கடித்தவர். வெளி மதிலைத் தாண்டிவிட்டார். உள்ளே போக முடியவில்லை, தோற்றுப் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பினார்.

பூஜை நடக்க வேண்டிய இடத்தில் வெடிமருந்து எப்படி வந்தது? இரண்டே வாரத்தில் பரங்கிப்பேட்டை மணலில் ஐதரையே வென்ற கூட், சிதம்பரத்தில் மட்டும் ஏன் தோற்றார்?

அடுத்த வாரம்.